கிழித்துப் போட்ட பில்கள்

வெர்னா டாலிவர் அரிசோனாவின் மேசா நகரத்தில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின் சீட்டில் எந்தப் பிள்ளை புளுகுகிறது என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள். கட்டினவனிடம்தான் கோட்டை விட்டாள்.

அவள் கணவன் மெர்ல் 1989இல் ஆறாயிரம் டாலருக்கு ஒரு துருப்பிடித்த பழைய காரை வாங்கி, வருடக்கணக்காக கராஜில் குடைந்துகொண்டிருந்தான். போன ஜனவரி ஏலத்தில் அது தொண்ணூறாயிரத்துக்குப் போனது. வீட்டுக் கடன் ஒழிந்தது என்று வெர்னா நிம்மதியாக இருந்தாள். வரிக் கணக்கு பார்க்கும் டெல்ஃபீன் அதில் மண்ணைப் போட்டாள்.

“இது சேகரிப்புப் பொருள், மிஸ்டர் டாலிவர். லாபத்துல நூத்துக்கு இருபத்தெட்டு வரைக்கும் வரி வரும். புதுப்பிக்கச் செலவழிச்சதைக் கழிச்சுக்கலாம். பில்லெல்லாம் எங்க?”

“பகல் கொள்ளை! வேர்வை சிந்தினவன் நான், பங்கு அரசாங்கத்துக்கா?”

“வேர்வைக்குக் கழிவு இல்ல சார். பில்லுக்குத்தான்.”

மெர்ல் தலையைச் சொறிந்தான். “கடை வாசல்லயே கிழிச்சுப் போட்டுடுவேன். எங்க கார் கிளப்புல எல்லாரும் அப்படித்தான். வீட்டுல தெரியக்கூடாதுன்னு...”

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டபோதெல்லாம் ‘இருநூறு டாலர்தான் ஆச்சு’ என்று வாய் கூசாமல் சொன்னானே! ஒரு கிளப்பே கூடி அல்லவா பெண்டாட்டிகளை ஏமாற்றியிருக்கிறது!

“கடைக்காரங்ககிட்ட பழைய கணக்கு இருக்கலாம்,” என்றாள் டெல்ஃபீன். “எந்த மாசம், எவ்வளவுன்னு சொல்லுங்க, கேட்டு வாங்குவோம். ஆயிரம் டாலர் பில்லுக்கு வரியில இருநூத்தி எண்பது வரைக்கும் மிச்சம்.”

வெர்னா பேனாவை எடுத்தாள். “சொல்லு.”

“கார் சீட்டுக்குத் தோலுறை... தொண்ணூத்தஞ்சு, மூவாயிரத்து இருநூறு. என்ஜின் ஒன்பதாயிரம், தொண்ணூத்தேழு கடைசி. குரோம் பூச்சு, தொண்ணூத்தெட்டு மார்ச், நாலாயிரத்து எண்ணூறு.”

பேனா நின்றது. அந்த மார்ச்சில்தான் அவளுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போயின. காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு அறுநூறு டாலர் வேண்டியிருந்தது.

“காசே இல்ல, பிடுங்கிடு வெர்னான்னு சொன்னியே, அந்த மார்ச்சா?”

மெர்ல் அவளைப் பார்க்கவில்லை. “அவ்வளவுதான் டெல்ஃபீன். மத்தது ஞாபகம் இல்ல. வரியையே முழுசாக் கட்டிடறேன்.”

“கட்டுவியாக்கும்! யார் வீட்டுக் காசு?” வெர்னா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மார்ச்சுக்கு நேராகத் தொகையை எழுதினாள்.

“ஏப்ரல்ல என்ன வாங்கின?”