சிரட்டை மூடிய செடிகள்

சுசீந்திரம் பக்கம் நான் வாத்தியாராக இருந்தபோது, பள்ளித் தோட்டக்காரர் மாலைதோறும் உருளைக்கிழங்கு இளஞ்செடிகள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார். மெலிந்த மனிதர், அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டு. நானோ உட்கார்ந்தாலே வியர்க்கும் உடம்பு. வாயும் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, சிரட்டையா பயிரு போட்டிருக்கீரு?"

"உறைபனிக்காக்கும் சாரே. தேவிகுளம் மலையில ஒருநாள் மூடாம விட்டேன். விடியும்போ தோட்டமே கருகிக் கெடந்துது. எல்லாம் போச்சு, மலையை விட்டு எறங்கிட்டேன்."

"நம்ம ஊருக்கு உறைபனி எங்க வரப்போவுது?" என்று சிரித்தேன்.

"அங்கயும் ஒருத்தன் வராதுன்னான் சாரே. இதே மாதிரி சிரிச்சிட்டுத்தான் சொன்னான்."

தேவிகுளத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வியர்வை சொட்டச் சொட்ட, மீதிச் சிரட்டைகளை நானே கவிழ்த்தேன். அவரோ, மறுபடியும் சிரித்துவிடுவேனோ என்று பயந்தவர்போல, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.