கைகளில் மாட்டிய ஷூ

பள்ளி வேன் ஓட்டுபவருக்கு உட்கார்ந்தே பழகிய உடம்பு. ஸ்டியரிங்குக்கும் அவருக்கும் நடுவே தொப்பை குடியேறியது. பின்னாலேயே ரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தது. "வியர்க்க வியர்க்க உடம்பை அசைக்கணும்" என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் மனைவி பயிற்சிக்குச் சத்தம் போட்டு நேரம் சொல்லும் ஒரு இன்டர்வெல் டைமர் வாங்கி வந்தாள். தீப்பெட்டி அளவுதான். நீளமாகக் கத்தினால் குதிக்க வேண்டும். குட்டையாகக் கத்தினால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

தான் குதிப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் குதித்தார். மூன்றாம் நாள் முழங்கால் மல்லுக்கு நின்றது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டைமர் தன் பாட்டுக்குக் கத்தியது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள் மனைவி, வெளியிலிருந்து.

திடுக்கிட்டுப் பக்கத்தில் கிடந்த ஷூவை எடுத்துத் தரையில் தட்டினார்.

"ஆ, அப்படித்தான்! விடாதீங்க!"

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளிலும் ஷூவை மாட்டிக்கொண்டு, நீளச் சத்தத்துக்குத் தட்டுவார். குட்டைச் சத்தத்துக்கு நிறுத்துவார். வெளியே வருமுன் நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொள்வார். அவள் துண்டோடு நின்று துடைத்துவிடுவாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் விரிப்பு மடித்துச் சொரசொரத்துப்போன கை. அது முகத்தில் படும்போதெல்லாம் உண்மை அவர் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவார். நாளையிலிருந்து நிஜமாகவே குதித்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வார்.

மறு பரிசோதனையில் டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"பயிற்சி பண்றாரா?"

"ஒரு நாள் விடாம, டாக்டர். நானே வெளிய நின்னு கேக்கறேன். வீடே அதிருது."

"அவ்வளவு பண்ணியும் பிரஷர் ஏறித்தான் இருக்கு. இதயத்துல அடைப்பு இருக்கான்னு குழாய் விட்டுப் பார்த்துடலாம். நாளைக்கே வந்து சேருங்க."

வேன்காரர் வாயைத் திறந்தார். டாக்டர் முன்னால் மனைவியைப் பொய்க்காரி ஆக்குவதா என்று ஒரு சாக்கு கிடைத்தது. மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவருடைய சட்டைகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். மடிப்பதே பிழைப்பான கை. அன்று ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மடித்தது.

"நான்தான் விடாதீங்க விடாதீங்கன்னு விரட்டினேன். அடைப்பு இருக்கற மனுஷனைப் போய்க் குதிக்க வச்சிருக்கேனே, பாவி."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் குதிக்கவே இல்ல."

"எப்போ?"

"முதல் ரெண்டு நாளுக்கப்புறம் எப்பவுமே. ஷூவைக் கையில மாட்டிக்கிட்டு, படுத்தபடியே தட்டினேன்."

சட்டை அவள் கையிலேயே நின்றது. திட்டட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். திட்டினால் பாரம் கொஞ்சம் குறையும் போலிருந்தது.

"அப்போ... பண்ணியும் குறையலைன்னு இல்ல? பண்ணாததாலதான் குறையலையா?"

"ஆமா."

"நல்ல வேளைங்க" என்று அப்படியே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்."

திட்டுக்குத் தயாராக இருந்தவர் இதற்குத் தயாராக இல்லை. கையை உருவிக்கொள்ளவும் தோன்றவில்லை, அந்தப் பிடிக்குள் வைத்திருக்கவும் கூசியது.

சற்றுப் பொறுத்து அவளே டாக்டரின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க. ஷூ விஷயத்தையும் சேர்த்து. அதுக்கப்புறமும் டாக்டர் வரச் சொன்னா, போவோம்."

மறுமுனையில் டாக்டர் எடுத்தார்.

"டாக்டர், என் வீட்டுக்காரி உங்ககிட்டப் பொய் சொல்லல" என்று தொடங்கினார் வேன்காரர். "நான்தான்..."