உப்புக்காற்றுக்குப் பயந்த மைக்

இன்று தங்கையின் வயலினைப் பதிவு செய்யப் போனோம். சென்னை இசைக்குழு ஒன்று அவள் வாசிப்பை டேப்பில் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறது. இந்த வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

ஸ்டுடியோ அண்ணாச்சி, கோயில் கொடை விழாவுக்கு வாடகை விடும் மைக்கை வயலினை ஒட்டி நிறுத்தினார். போட்டுக் கேட்டால் வில் உரசும் சத்தம்தான்.

"கப்பல்ல வந்த ஃபாரின் மைக் ஒண்ணு வச்சிருக்கீங்கள்லா அண்ணாச்சி? அதைத் தள்ளி வச்சா அறையில நிறையுத நாதமும் சேர்ந்து விழும்" என்றேன்.

"வெளிய எடுத்தா உப்புக்காத்து அரிச்சிரும்மா. பீரோவுல கிடக்கட்டும்."

"சன்னலெல்லாம் அடைச்சுத்தானே இருக்கு?"

"இங்கன மைக் வைக்குதது நீயா, நானா?"

தங்கை மறுபடி மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் உரசல்தான். அவள் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஒரு கட்சிக்காரர் பிரசாரப் பேச்சைப் பதிய வந்தார். அண்ணாச்சி உடனே பீரோவைத் திறந்து அந்த மைக்கை எடுத்தார்.

"இவருக்கு மட்டும் உப்புக்காத்து அடிக்காதோ?" என்றேன்.

"அவரு பேச்சு ஊரெல்லாம் கேக்கணும்லா!"

அந்த மனிதர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு கத்தினார். நாங்கள் உரசல் டேப்போடு திரும்பினோம். அதைக் கேட்பவர்கள் தங்கைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

தூத்துக்குடியில் வயலினுக்கு நல்ல மைக்கை எடுத்துத் தருகிற ஸ்டுடியோ இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், தங்கையைக் கட்சியில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.