நிமிர்த்த விடாத விரல்கள்

விதைநெல் வாங்க உடையார்கட்டுக் கிராமத்துக்குப் போனபோது ஒரு வீட்டில்தான் அவரைக் கண்டேன். பாலைப்பழம் பிடுங்க மரத்தில் ஏறி விழுந்து கழுத்து முறிந்தவர். கால்கள் அசையாது. கைவிரல்கள் உள்ளுக்கு மடங்கிக் கிடந்தன. ஆனால் மனிதர் ஓயவில்லை. சாய்கதிரையில் இருந்தபடி மடியிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுப்பதும் போடுவதுமாக இருந்தார். மணிக்கட்டை மேலே வளைத்தால் விரல்கள் தாமாகவே மூடிப் பெட்டியைப் பற்றும், தாழ்த்தினால் விட்டுவிடும். பார்த்த எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரி எண்ணெயோடு வந்து அந்த விரல்களைப் பிடித்தார்.

"தொடாதேங்கோ!" என்று கத்தினார் அவர்.

"நிமித்தினால்தானே கை கையா இருக்கும்?"

"போன முறை நீங்கள் இழுத்து நிமித்தினாப் பிறகு தேத்தண்ணிப் பேணியும் பிடிக்கேலாமல் போச்சு. மனிசிதான் பருக்கினவ. மடங்கிக் கிடந்தால்தான் எனக்குப் பிடி."

பரிகாரி முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே நான் திரும்பிப் போக வேண்டிய பஸ் ஹோர்ன் அடித்தது. விடைபெறக் கிட்டப் போனேன். அவருடைய விரல்கள் என் சட்டைக்கையைக் கவ்வின.

"இழுத்துப் பாருங்கோ."

மெல்ல இழுத்தேன். வரவில்லை.

"பாவம் பாத்தெல்லோ இழுக்கிறியள்? சரியா இழுங்கோ!"

உண்மையாகவே இழுத்தேன். சட்டைக்கை நழுவி வந்துவிட்டது. முகம் வாடிவிடும் என்று பயந்தேன். அவரோ கையை மறுபடி நீட்டினார்.

"திரும்பப் பிடிக்கிறன். இன்னும் பலமா இழுங்கோ."

நானும் சட்டைக்கையை நீட்டினேன்; அவர் பற்ற, மறுபடி இழுத்தேன். பஸ் போய்விட்டது. அந்தக் கடைசி முறை எவ்வளவு பலமாக இழுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.