சூசை அண்ணனின் பழைய ‘க’

பெயர்ப்பலகை செய்கிறவனுக்கு எழுத்து சோறு போடும். வாடிக்கையாளர் அதை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார். கண்டியில் ஸ்டிக்கரும் போர்டும் வெட்டும் கடை என்னுடையது. கடை வைத்திருக்கும் நண்பர்களே, மீதி உங்களுக்கே புரியும்.

காய்ச்சல்காரர்கள்

கடுகண்ணாவை சூசை அண்ணன் ஓட்டோ ஓட்டுகிறவர். ஒரு நாள் போனை என் மூக்கருகே நீட்டினார். மிகப் பழைய கல்வெட்டுகளில் ‘க’ எழுத்து அச்சு அசல் சிலுவை மாதிரியே இருக்குமாம். உண்மைதான். அதற்காகத் தன் ஓட்டோவில் ஒட்டக் கேட்ட ‘கர்த்தர் காக்கிறார்’ என்பதில் க வரும் இடமெல்லாம் சிலுவை வைத்தால் யார் வாசிப்பது? சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சிவப்பில் வேறு வேண்டுமாம். ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கழற்றத்தான் வருகிறார் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு.

“ஆஸ்பத்திரி வண்டின்னு நெனச்சு காய்ச்சல்காரங்க எல்லாம் கை காட்டுறாங்க தம்பி. ஹயருக்கு ஆள் நல்லா கெடைக்குது, அதுல கை வச்சிராதீங்க.”

ஊர் ஊராக

பிறகு அண்ணன் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். கண்டி, கம்பளை, கடுகண்ணாவை எல்லாமே சிலுவையில்தான் ஆரம்பிக்கின்றனவாம். கழுதையும் கத்தரிக்காயும் அப்படித்தானே என்றேன். காதில் வாங்கவில்லை. என் கடையில் டிசைன் செய்யும் கவிதா, “பல்லேகல ஊர்ல க நடுவுலதானே வருது, அது எப்படி மாமா?” என்று மெதுவாகக் கேட்டாள். மாமா என்றது சும்மா இல்லை. அவர் மகன் அந்தோனியைத்தான் அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள். அண்ணன் யோசிக்கவே இல்லை.

“அது பாதி வழியில இருந்து சுமக்குதும்மா.”

கல்யாணப் பலகை

கவிதாவின் அப்பா கந்தசாமி, கம்பளையில் ஆணியும் பெயின்டும் விற்கும் முதலாளி. அழுது, பட்டினி கிடந்துதான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஒரே நிபந்தனை: மண்டபத்தில் சிலுவையும் கூடாது, வேலும் கூடாது, மீறினால் கல்யாணம் இல்லை. சூசை அண்ணனை அவர் ஒரு தடவைகூடச் சம்பந்தி என்று அழைத்ததில்லை. ‘ஓட்டோக்காரர்’தான்.

“சிலுவை இல்ல தம்பி, எழுத்து” என்று அண்ணன் படுத்திய பாட்டில், மண்டபப் பலகைக்காக ‘கந்தசாமி மகள் கவிதா’ என்று பழைய க போட்டு ஒரு மாதிரி மட்டும் வெட்டினேன். அது மேசையில் கிடக்கும்போதே முதலாளி வந்து நின்றார். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. அது பழைய க என்று தட்டுத் தடுமாறி விளக்கினேன்.

“எவ்வளவு பழசு?” என்றார்.

பக்கத்தில் நின்ற சூசை அண்ணன் பெருமையாக முந்திக்கொண்டார். “இயேசு பொறக்கறதுக்கும் முந்தினதுங்க.”

அப்படியென்றால் அது சிலுவையே இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலாளி தன் பெயரை மறுபடி பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

“அப்ப மொதல்ல எங்க பேர்லதான் இருந்திருக்கு. நீங்கதான் கேக்காம எடுத்துக்கிட்டீங்க. சரி, சம்பந்தியா போயிட்டீங்க, வச்சுக்கங்க.”

அந்த எழுத்து யாருடையது என்று சம்பந்திகள் இருவரும் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்தச் சந்தடியில் கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டது.