ஐம்பதாவது தலை

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் பேய் என்றால் நடுராத்திரியில் வரும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும் என்று சொல்பவர்களிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எத்தனை ராத்திரி முழுசாக விழித்திருக்கிறீர்கள்? நான் நான்கு வருடமாக விழித்திருக்கிறேன். பார்சல் கிடங்கில் நைட் ஷிப்ட். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் தனியாக நின்றிருக்கிறேன். ஒரு பேயும் எட்டிப் பார்த்ததில்லை.

எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் பன்னிரண்டரை மணிக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில்.

காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டவள் நான். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப்போய்த்தான் ராத்திரி வேலைக்கே போனேன். ராத்திரியில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் நான்கு வருடத்தில் உடம்பு கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சமயத்தில் அதே கம்பெனியில் பகல் நேரக் கவுன்டரில் ஓர் இடம் காலியானது. அன்று மூன்று மணிக்கு இன்டர்வியூ. அதை விட்டால் இன்னும் எத்தனை வருடம் அந்தக் கிடங்கில் என்று எனக்கே தெரியாது.

சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். "நாளைக்காவது மனுஷியா வா. அந்தத் தலையோட வந்தா கவுன்டர்ல இருக்கறவங்க எந்திரிச்சு ஓடிருவாங்க."

தப்பாகச் சொல்லவில்லை. இடுப்பு வரைக்கும் முடி, சிக்கு, தூசி, பேக்கிங் டேப்பின் பிசின். நல்ல பார்லருக்குப் போகக் கையில் காசு இல்லை. எங்கள் தெருவிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஓர் அழகுக்கலைப் பள்ளி இருந்தது. அங்கே படிக்கிற பெண்கள் காசு வாங்காமல் வெட்டிவிடுவார்கள். மெதுவாக வெட்டுவார்கள், அவ்வளவுதான்.

அக்காவிடம் சொன்னேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். மருந்துக் கடையில் வேலை.

"அங்கயா? வேணாம்டி. பாதித் தலையோட வெளிய வருவ."

"உன் தலையவிட மோசமாவா ஆயிரும்?"

அது எங்கள் வீட்டில் பழைய கேலி. அக்காவின் முடி இடது பக்கம் எப்போதும் ஒரு விரல் நீளமாக நிற்கும். எத்தனை முறை வெட்டினாலும் பத்து நாளில் அப்படியே. நான் அவளைக் கோணத்தலை என்றுதான் கூப்பிடுவேன். வழக்கமாகத் தலையில் ஒரு குட்டு விழும். அன்று விழவில்லை. "சொன்னா கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேண்டாம் என்று சொன்னால் எனக்குக் கால் தானாக நடக்கும். போனேன்.

மணி 11:10. இரண்டாவது மாடி. கீழே டயர் கடை. மேலே நீளமான ஒரே ஹால், பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு கண்ணாடிகள். சுவர் அலமாரியில் பழகுவதற்கான பொம்மைத் தலைகள் வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தன. எனக்குக் கிடைத்த பெண்ணை எல்லோரும் சுருட்டை என்று கூப்பிட்டார்கள். சுருள் முடி, நகத்தில் பளபளக்கும் பச்சைப் பூச்சு, ஓயாத வாய்.

"அக்கா, இதை எதால சீவுவீங்க? முள்கம்பியாலயா?"

"ராத்திரி வேலை. சீவறதே இல்ல."

"கவலைய விடுங்க. இது என்னோட முப்பத்தொண்ணாவது தலை."

அங்கே தலைக் கணக்குதான் எல்லாம். ஐம்பது தலை முடித்தால்தான் பரீட்சை எழுதலாம். ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் அட்டை. அதில் ஐம்பது வரிகள். உட்கார்ந்ததும் நம் பெயரை எழுதுவார்கள். முடிந்ததும் நாம் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு டீச்சர். இன்னொரு சட்டமும் உண்டு. முதலில் வலது பக்கம் வெட்ட வேண்டும். டீச்சர் வந்து அளந்து பார்ப்பார். அவர் சரி என்ற பிறகுதான் இடது பக்கத்தைத் தொடலாம். பாதித் தலை கணக்கில் வராது.

12:25-க்கு வலது பக்கம் முடிந்தது. தோள் வரைக்கும். நன்றாகவே வெட்டியிருந்தாள். இடது பக்கம் அப்படியே இடுப்பு வரை தொங்கியது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பேரை ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

"அசையாதீங்கக்கா. டீச்சர கூட்டிட்டு வந்துடறேன்."

போனாள். சாப்பாட்டு நேரம். மற்றவர்களும் பின்பக்க அறைக்குப் போய்விட்டார்கள். ஹாலில் நான் மட்டும். ராத்திரி முழுக்க மூட்டை தள்ளிய உடம்பு. கண் சொருகியது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

சர்ர்... சர்ர்...

பிடரியில் ஸ்ப்ரே தண்ணீர் பட்டது. ஐஸ் தண்ணீர். உடம்பு தூக்கிவாரிப் போட்டது. நிமிர்வதற்குள் ஒரு கை பின்னந்தலையைப் பிடித்துக் கீழே அழுத்தியது. தாடை நெஞ்சில் இடித்தது. என் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணி மட்டும்தான் தெரிந்தது.

"டீச்சர் பாத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

சீப்பு இடது பக்க முடியைப் பிரித்தது.

கிரிச்... கிரிச்...

கத்தரிக்கோல் சத்தம். வெட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஏதோ சரியில்லை. முதலில், சுருட்டை பேசவில்லை. ஒன்றேகால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசியவள். இரண்டாவது, சத்தம் வந்த திசை. இவ்வளவு நேரமும் சீப்பு இடது கையில், கத்தரிக்கோல் வலது கையில் இருந்தது. இப்போது மாறியிருந்தது.

மூன்றாவது...

கத்தரிக்கோல் வெட்டுகிறது. இழுபடுவது தெரிகிறது. ஆனால் துணியின் மேல் ஒரு முடிகூட விழவில்லை.

"சீக்கிரம் முடிப்பியா?"

"ஒரு பக்கம்தான் அக்கா."

சுருட்டையின் குரல் இல்லை. மூச்சு வாங்கியது. படியிறங்கி ஓடி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரல்.

நிமிரப் பார்த்தேன். கை அழுத்தியது.

மறுபடியும் முயன்றேன். இன்னும் அழுத்தியது. பிடரி எலும்பு 'கடக்' என்றது.

மேலே ஃபேன் சத்தம் இல்லை. டயர் கடைச் சத்தம் இல்லை. தெருச் சத்தம் இல்லை.

கிரிச்...

பயமா? இருந்தது. அந்தத் துணியை உதறிவிட்டுப் படியில் பாய்ந்து ஓடியிருக்கலாம். ஆனால் பாதித் தலையோடு எங்கே ஓடுவது? மூன்று மணிக்கு யார் முன்னால் போய் உட்காருவது? இவளுக்குப் பயந்து ஓடினால் இன்னும் பத்து வருடம் சாக்கு மூட்டைதான். எனக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"இத பாரு" என்றேன். "நீ யாரா வேணா இரு. எனக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ. நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். ஆனா நீ பாதில விட்டுட்டுப் போன... தொலைச்சுருவேன்."

கத்தரிக்கோல் நின்றது.

பின்னால் மூச்சுச் சத்தமும் நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று... எண்ணினேன்.

தலையை அழுத்திய கை மெல்லத் தளர்ந்தது.

கிரிச். இந்த முறை மெதுவாக. கவனமாக. ஒரு விரல் காதோர முடியை ஒதுக்கியது.

பிறகு தோளில் இரண்டு தட்டு.

இடது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. என் மடியில் ஓர் அட்டையும் பேனாவும் வைத்தது. பூச்சில்லாத நகம். கட்டை விரலில் கத்தரிக்கோல் உராய்ந்து காய்த்த தழும்பு.

கிடங்கில் ஒரு ராத்திரிக்கு இருநூறு தாளில் கையெழுத்துப் போடுகிறவள் நான். எதையும் படிப்பதில்லை. கை நீட்டினால் போட்டுவிடுவேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் வாட்சைப் பார்த்து நேரத்தையும் எழுதுவேன். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

12:52.

அட்டை போய்விட்டது.

நிமிர்ந்தேன்.

கண்ணாடியில் நான் மட்டும்.

ஃபேன் சுற்றியது...

12:55-க்குச் சுருட்டை ஓடி வந்தாள், பின்னால் டீச்சர். "சாரிக்கா, டீச்சர் போன்ல..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

"இடது பக்கம் யாரு வெட்டினது?"

"நீ இல்லன்னு தெரியும்" என்றேன்.

தரையில் என் வலது பக்கம் முடிக் குவியல் கிடந்தது. இடது பக்கம் தரை பளிச்சென்று இருந்தது. டீச்சர் சீப்பை வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். மயிரிழைகூட வித்தியாசமில்லை. நுனியை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இது இடது கைக்காரி வெட்டு" என்றார், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, "நீ கிளம்பும்மா" என்றார்.

கிளம்பினேன். மூன்று மணிக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்தேன். வேலை கிடைத்தது.

ஒன்பது நாள் கழித்துச் சுருட்டை போன் செய்தாள். என் தலை அவள் கணக்கில் சேரவில்லையாம், அதற்குப் பதிலாக என் அம்மாவை அழைத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். அம்மாவை உட்கார வைத்துவிட்டு நேராக டீச்சர் அறைக்குப் போனேன்.

"அன்னைக்கு எங்கிட்ட கையெழுத்து வாங்கினது யாரு?"

டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவி. இடது கைக்காரி. நாற்பத்தொன்பது தலை முடித்துவிட்டாள். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் அது. ஐம்பதாவது தலை நாற்காலியில். வலது பக்கம் முடிந்தது. டீச்சர் வரத் தாமதம். வந்த பெண் பொறுமையிழந்து, துணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாதித் தலையோடு எழுந்து போய்விட்டாள்.

"இவ பின்னாடியே ஓடினா. 'ஒரு பக்கம்தான் அக்கா, ஒரு பக்கம்தான் அக்கா'ன்னு கத்திக்கிட்டே. தெருவைத் தாண்டும்போது வேன்..."

"அவ அட்டை எங்க?"

"பூட்டி வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் திறந்ததே இல்ல."

"திறங்க."

மேசையின் கடைசி இழுப்பறை. சாவி துருப்பிடித்திருந்தது. அட்டையை எடுத்தார். ஐம்பதாவது வரி. ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் என் கிறுக்கல் கையெழுத்து.

12:52.

அன்று அவள் முடித்தது ஒரு வலது பக்கம். எனக்கு முடித்தது ஓர் இடது பக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒரு தலை.

டீச்சர் அட்டையை மேசையில் போட்டார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"போடுங்க டீச்சர்."

"செத்துப் போனவளுக்கா?"

"வேலை சரியா இருந்துச்சா, இல்லையா?"

"...சரியாத்தான் இருந்துச்சு."

"அப்போ போடுங்க. அன்னைக்கு நீங்க வரலை. இப்பவாவது போடுங்க."

அவர் முறைத்தார். நான் நகரவில்லை. போட்டார். மணி 4:20. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டேன். பழக்கம்.

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் சிவப்பு மையில் அடித்திருந்த அந்தப் பெயரை நான் படித்துவிட்டேன். எங்கள் அப்பாவின் இனிஷியல். அதற்குப் பின்னால் என் அக்காவின் பெயர்.

நான்கு வருடத்துக்கு முன்னால், நான் காலேஜை விட்டு வந்து பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நாள் அக்கா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தானே முடியை வெட்டிக்கொண்டாள்.

அம்மாவைச் சுருட்டையிடமே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல பாதில எந்திரிச்சு வந்தியே. யாராவது பின்னாடி கூப்பிட்டாங்களா?"

தலை கிளிப்பைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். "கூப்பிட்டாங்க. பஸ் வந்துருச்சு. அப்புறம் பெருசா ஒரு சத்தம் கேட்டுச்சு... நான் திரும்பியே பாக்கலடி."

நான் சமாதானம் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை.

அவளே மெல்லக் கேட்டாள்.

"நான் தூங்கும்போது என் தலையத் தொட்டியா நீ?"

"எப்போ?"

"இப்போதான். நாலே கால், நாலரை இருக்கும். பிடரில ஜில்லுன்னு தண்ணி பட்டுச்சு. முழிச்சுப் பாத்தா யாரும் இல்ல."

கிளிப்பைக் கழற்றினாள். முடி இரண்டு தோளிலும் விழுந்தது.

நான் சீப்பை எடுத்து அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

தலையணையில், கட்டிலில், தரையில் தேடினேன். வெட்டிய முடி ஒன்றுகூட இல்லை...