எண்ணுவதற்குப் பத்துச் சாமான்

என் சின்னம்மாதான் எங்கள் ஊர் முன்பள்ளியில் ரீச்சர். பரந்தனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊருக்கு, போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய முதல் வருடம் அது. ஒரு தகரக் கொட்டில், இரண்டு பாய். வேறு எதுவும் இல்லை. வவுனியாவில் நடந்த பயிற்சிக்குப் போய் வந்த சின்னம்மா, படிப்பிக்கும் சாதனங்களைக் கடையில் வாங்கத் தேவையில்லை, பிள்ளைகளைச் சுற்றியே இருக்கின்றன என்று அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னார். எங்களிடம், "நாளைக்கு எல்லாரும் எண்ணுறதுக்குப் பத்துச் சாமான் கொண்டு வாங்கோ" என்றார்.

எனக்கு ஐந்து வயது. ரீச்சரின் பெறாமகள் என்ற பெருமை வேறு. மற்றவர்கள் சோடா மூடியும் சிப்பியும் கொண்டுவருவார்கள்; என்னுடையது அழகாக இருக்க வேண்டும் என்று வேலிக்குப் பின்னால் பற்றைக்குள் போய்ப் பொறுக்கினேன்.

மறுநாள் பாயில் நான் நிரையாக அடுக்கியவை, பித்தளை நிறத்தில் மின்னும் ஒன்பது துப்பாக்கி ரவைக் கோதுகள்.

"எங்கை பிள்ளை எடுத்தனீ?" சின்னம்மாவின் குரல் வழமை போலவே இருந்தது.

இடத்தைச் சொன்னேன். ஒன்று குறைகிறதே என்று ஏசுவாரோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டேன். "பத்தாவது பெரிசு. மண்ணுக்கை இறுகிக் கிடக்கு. நாளைக்கு அலவாங்காலை கிண்டிக்கொண்டு வாறன்."

சின்னம்மா அப்படியே பாயில் இருந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பாடச் சொன்னார். அங்கே நின்ற ஒரு தாயை, பக்கத்துக் காணியில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தவர்களிடம் அனுப்பினார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டார் கூட்டிப்போகும் வரை அவர் என் கையை விடவில்லை. விரல்கள் நொந்தன.

பின்னேரம் அந்தப் பத்தாவதை அவர்கள் வெடிக்கவைத்த சத்தத்தில் எங்கள் வீட்டுத் தகரம் அதிர்ந்தது. அம்மா எனக்கு அடித்தார். பிறகு கட்டிப்பிடித்து அழுதார். சின்னம்மா அழவில்லை. குசினி வாசலில் இருந்தபடி, "நான்தானே அக்கா கொண்டுவரச் சொன்னனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன்பின் எங்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை. வீதியோரம் புளியங்கொட்டைகளைத் தானே பொறுக்கி, கழுவிக் காயவைத்து, ஆளுக்குப் பத்தாகப் பிரித்துத் தந்தார். என் அழகான கோதுகளைப் பறித்துவிட்டு இந்தக் கொட்டையையா தருகிறார் என்ற கோபத்தில் ஒரு கிழமை நான் எண்ணவே இல்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை.

ஆனால் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. விளையாடப் போகுமுன், வந்தபின், தண்ணீர் குடிக்கும்போதுகூட எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். பதினெட்டு வந்தாலும் நம்பாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். பதினெட்டு வரை ஒழுங்காக எண்ணத் தெரியாத ரீச்சர் என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவள் நான்தான்.